இரண்டு கிலோ மிச்சம்

போடிமெட்டு மலைப்பாதையில், முந்தலைத் தாண்டி ஐந்தாவது கொண்டை ஊசி வளைவில் சுசித்ரா எஞ்சினை அணைத்தாள். சோதித்துப் பார்க்கத்தான் அணைத்தாள். பத்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டும் என்று நினைத்தவளால் ஆறு நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் மோட்டார் ஒருமுறை முனகி, இன்னொருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, டக்கென்று ஓய்ந்தது.

பின்னால் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்பு ஒன்று வழி கேட்டு ஹாரன் அடித்தது. அதிலிருந்து நான்கைந்து பெண்கள் இறங்கி வந்து, வண்டியைத் தள்ளி இறக்கம் பார்த்துத் திருப்பிவிட்டார்கள்.

"பந்தய வண்டியாத்தா இது? எங்க ஜீப்பே தேவலை போலயே" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். சுசித்ரா சிரிக்கவில்லை. உருட்டிக் கிளட்சை விட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நன்றிகூடச் சொல்லாமல் இறங்கிப் போனாள்.

அன்று வியாழக்கிழமை. ஞாயிறன்று திண்டுக்கல் பக்கம் கார் ராலி. வழியில் ஏழு இடங்களில் எஞ்சினை நிறுத்தி, சாவி போட்டுத்தான் மறுபடி கிளப்ப வேண்டும். ஒரு இடத்தில் தள்ளினாலும் பந்தயத்திலிருந்து வெளியே.

போடிப் பக்கம் சிலமலையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, ஓசூரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் எஞ்சினியராக இருப்பவள் சுசித்ரா. அவளும் தம்பி இனியவனும் எட்டு மாதமாக லீவு நாட்களில் இந்தப் பழைய காரைப் பிரித்து மேய்ந்திருந்தார்கள். எஞ்சின் வலுவைக் கூட்ட டர்போ ஏற்றினார்கள். பின் சீட்டைக் கழற்றி எறிந்தார்கள். முன்பக்கப் பாரம் குறையட்டும் என்று பேட்டரியைப் பின்னால் டிக்கிக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகுதான் இந்தச் சனியன். காலையில் ஒரே திருப்பில் கிளம்பும், சூடேறிவிட்டால் கிளம்பாது. பேட்டரியை மாற்றியாயிற்று. ஸ்டார்ட்டரை இனியவன் பிரித்து, புது கார்பன் பிரஷ் போட்டு மாட்டினான். அப்படியும் போன வெள்ளிக்கிழமை அவனுடைய சிநேகிதர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பாமல் நின்றது.

"ஒரு ஸ்டார்ட்டரை ஒழுங்கா மாட்டத் தெரியாதவன நம்பி நான் பந்தயத்துக்குப் போறேன் பாரு" என்று எல்லோர் முன்னாலும் கத்தினாள் அவள்.

ராலியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழிக்குறிப்பு வாசிக்க வேண்டியவன் அவன். குறிப்பு நோட்டை பானட்டின் மேல் வைத்துவிட்டுப் போனவன்தான். மலைக்கு அந்தப் பக்கம், பூப்பாறை எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் எந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை அவனுக்கு. ஆறு நாளாக போனை எடுக்கவில்லை.

மலையிலிருந்து இறங்கிய சூட்டோடு, தேவாரம் ரோட்டில் ஒச்சப்பனின் பட்டறையில் போய் வண்டியை நிறுத்தினாள். போடியில் கார் எலெக்ட்ரீசியன் என்றால் அவரைத்தான் சொல்வார்கள். அவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை அவள் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டாள்.

"புது ஸ்டார்ட்டர் ஒண்ணு வாங்கிப் போட்ருங்கண்ணே. வெரசா முடியட்டும்."

"எதையும் வாங்குறதுக்கு முன்னால மீட்டர வச்சுப் பாப்பம். உள்ள ஏறி, நான் சொல்றப்ப மட்டும் சாவியத் திருப்பு."

அவர் சொல்வதற்கு முன்பே திருப்பினாள்.

"ஆத்தா!" என்று ஒரு அதட்டல் போட்டார். கையை எடுத்துவிட்டாள்.

முதலில் பேட்டரி முனையில் வைத்துப் பார்த்தார். மோட்டார் இழுக்கும்போதும் பதினொன்றரை வோல்ட் நின்றது. அதே நேரம் ஸ்டார்ட்டரின் முனையில் எட்டுதான். "பேட்டரி குடுக்குது. ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரல. நடுவுல எவனோ திங்கிறான்" என்றார். பிறகு மீட்டரின் ஒரு கம்பியை பேட்டரியின் பாசிட்டிவிலும், நீளமான மற்றொன்றை ஸ்டார்ட்டரிலும் வைத்துத் திருப்பச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டியது இரண்டரை காட்டியது. மின்சாரம் பாடி வழியாகத் திரும்புகிற எர்த் பக்கம் இன்னும் ஒரு வோல்ட் போயிற்று.

டிக்கியிலிருந்து டர்போவை ஒட்டி வந்த பேட்டரிக் கேபிளைத் தொட்டவர் சூடு பட்டுக் கையை உதறிக்கொண்டார். ஒரு முனையை வெட்டி, விரல் தடிமனுக்கு இருந்த ரப்பரைச் சீவினார். உள்ளே பென்சில் அளவுக்குத்தான் கம்பி. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினார். செம்பு நிறம் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது.

"அலுமினியம். மேல செம்பப் பூசியிருக்கான். அஞ்சு மீட்டர் தூரத்துக்கு இந்தக் கம்பி எப்பிடித் தாங்கும்? சூடேற ஏற கரண்ட இன்னும் மறிக்கும். யாரு ஆத்தா இத வாங்குனது? தம்பியா?"

சுசித்ரா வெட்டிய துண்டைக் கையில் எடுத்தாள். இணையத்தில் தேடி, எடை குறைவு என்று பார்த்து, இரண்டு கிலோ மிச்சம் என்று சந்தோஷப்பட்டு வாங்கியவள் அவள்தான். "செம்புக் கேபிளே போடுவமேக்கா" என்று இனியவன் அன்றே சொன்னான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நான்தாண்ணே" என்றாள்.

தேனியிலிருந்து ஐம்பது சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் பஸ்சில் வந்து சேர மத்தியானமாகிவிட்டது. ஒச்சப்பன் முனைகளை அழுத்தி இறுக்கினார். டர்போ பக்கம் சூடு தாங்கும் உறை போட்டார். தகடு உரசுகிற ஓட்டைகளில் ரப்பர் வளையம் வைத்தார். எர்த் மாட்டும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி இரும்பைத் தெரியவைத்து, எஞ்சினுக்கும் தனியாக ஒரு எர்த் பட்டை கொடுத்தார். கை சும்மா இருக்க மாட்டாமல் அவளே உப்புத்தாளை வாங்கி எர்த் இடத்தைத் தேய்த்தாள். மறுபடி அளந்தபோது மொத்த இழப்பே அரை வோல்ட்டுக்குக் கீழ்.

அப்போதே மலையேறினாள். பதினேழு வளைவும் மிதித்துப்போய், போடிமெட்டில் அனல் அடிக்க அடிக்க அணைத்தாள். இந்த முறை பத்து நிமிடமும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருப்பினாள். பாதிச் சுற்றில் எஞ்சின் உறுமியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு.

அங்கிருந்து நேரே பூப்பாறைக்குப் போனாள். இனியவன் கிரீஸ் கையோடு வெளியே வந்தான். அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். வெட்டிய கேபிள் துண்டையும் காட்டினாள்.

"சரி" என்றான். "நெசமாவே நான்தான் தப்பா மாட்டியிருந்தேன்னா, இங்க வந்திருப்பியாக்கா?"

பொய் வாய் வரை வந்துவிட்டது. "வந்திருக்க மாட்டேன்டா" என்றாள்.

அவன் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தான். பிறகு, "உள்ள காய் காயுது. ஏழு மணி ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனான். இருக்கச் சொன்னானா, போகச் சொன்னானா என்று அவளுக்குப் புரியவில்லை. கிளம்பலாமா என்று நாலைந்து தடவை எழுந்தாள். வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். ஆனால் போகவில்லை. ஏழேகாலுக்கு அவன் கை கழுவிக்கொண்டு வந்து, "குறிப்பு நோட்டு எங்க?" என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு இடத்திலும் வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. இருபத்தாறு வண்டியில் பதினோராவதாக வந்தார்கள். வழிக்குறிப்பைத் தவிர இனியவன் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வரும்போது பெரியகுளம் தாண்டியதும்தான், "எங்கயாவது நிறுத்துக்கா, பசிக்குது" என்றான்.