வெளுக்காத பாதி

என் மகள் பவானிக்கு மேல்வரிசை முன்பல்லில் பாதிதான் சொந்தப் பல். மீதிப் பாதி டாக்டர் வைத்த பசை. பன்னிரண்டாவது முடித்த லீவில் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனாள். கம்பம்மெட்டு வளைவில் ஜீப் பிரேக் போட்டதில் கம்பியில் வாய் மோதி உடைந்தது. தோட்டத்துக்காரரே கட்டப்பனையில் காட்டி அடைத்துக் கொடுத்தார். அந்த மலையாளத்து டாக்டர் அவள் பல்லின் மஞ்சளுக்குத் தக்க மஞ்சளைத் தேடி வைத்ததில், மலைக்கு இந்தப் பக்கம் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று.

ஜெயமங்கலத்து மாப்பிள்ளை தங்கப்பாண்டியின் அம்மா போட்டோவைப் பார்த்துவிட்டு, பெண் லட்சணம்தான், பல்தான் மஞ்சள் என்றாராம். தரகர் வந்து சொன்னதும் என் மனைவி ராஜாத்தி பவானியைத் தேனிக்குப் பல் வெளுக்கக் கூட்டிப் போனாள். நான் வாழைத்தார் ஏற்றப் போயிருந்தேன். அங்கே நடந்ததைப் பவானிதான் பிறகு சொன்னாள்.

அடைத்த பல் ஏதாவது உண்டா என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறார். பவானி வாய் திறக்குமுன் ராஜாத்தி அவள் தொடையைக் கிள்ளிவிட்டு இல்லை என்றிருக்கிறாள். தட்டோடு நின்ற நர்ஸ் பெண்ணுக்குச் சொந்த ஊர் ஜெயமங்கலம் என்று ராஜாத்தி வெளியே காத்திருந்தபோதே விசாரித்து வைத்திருந்தாள். மாப்பிள்ளை ஊர்க்காரி காதில் விழக்கூடாதாம்.

சாயங்காலம் பவானி வந்து சிரித்துக் காட்டினாள். எல்லாப் பல்லும் தேங்காய்ப் பருப்பாக வெளுத்திருந்தன. அந்தப் பாதி மட்டும் பழைய மஞ்சளில், ஒட்டுப் போட்ட துணியாகத் தெரிந்தது. முந்தின நாள்வரை எந்தப் பல் என்று எனக்கே சட்டென்று பிடிபடாது. இப்போது தெருவில் நின்றே கண்டுபிடிக்கலாம்.

மறுநாள் வேலையை விட்டுவிட்டு நானும் போனேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. அந்த மருந்து சொந்தப் பல்லைத்தான் வெளுக்கும், பசையை வெளுக்காது என்றார். பழையதை எடுத்துவிட்டு வெள்ளையாகப் புதுசு வைக்கலாம், ஆனால் இப்போதுதான் வெளுத்த பல்லில் பசை சரியாகப் பிடிக்காது, இரண்டு வாரமாவது ஆகட்டும் என்றார். மாப்பிள்ளை வீட்டார் வருவதோ வருகிற ஞாயிறு. தள்ளிப்போட்டால் போடியில் வேறு பெண் பார்த்துவிடுவார்கள் என்று தரகர் சொல்லியிருந்தார்.

"மறுபடி மஞ்சளாக்க மருந்து இருக்குங்களா?" என்று கேட்டாள் ராஜாத்தி.

நர்ஸ் பெண் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பவானிக்கு ஒரே உத்தரவு, பல் தெரியக்கூடாது. கேட்டதற்கெல்லாம் உதட்டைப் பிரிக்காமல் உம் உம் என்றாள். மாப்பிள்ளையின் அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏத்தா, வாயில என்ன கொழுக்கட்டையா? நல்லாச் சிரி."

சிரித்தாள்.

"அது என்ன, கட்டுன பல்லா?"

"இல்லைங்க, பால்பல்லு. விழுகாம நின்னுபோச்சு" என்றாள் ராஜாத்தி.

பவானி அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏலக்காய் எடுக்கப் போறப்ப ஜீப்புல ஒடஞ்சுச்சு. அடச்சிருக்கு" என்றாள்.

அந்த அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "பல்லு ஒடஞ்சா ஒடஞ்சுட்டுப் போகுது. இப்ப என் மூஞ்சியப் பாத்தே பால்பல்லுன்னு பொய் சொன்னீகளே, அதுக்கு என்ன சொல்றீக?"

ராஜாத்தி என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விட்டார்கள்.

இரண்டு வாரம் கழிந்ததும் ராஜாத்தி நல்ல சேலை கட்டித் தேனிக்குக் கிளம்பினாள். வருசநாட்டில் ஒரு வரன் இருக்கிறது, அதற்குள் பசையை மாற்றிவிட வேண்டும் என்றாள். பவானி நகரவில்லை.

"அது இருந்துட்டுப் போகட்டும்மா. வாரவுக மொதல்ல இதப் பாத்துட்டு வரட்டும்."

"இதப் பாத்துட்டு யாருடி வருவாக?"

ராஜாத்தி கட்டிய சேலையோடு அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

வருசநாட்டாருக்கு என்ன சொல்ல என்று தரகர் என்னிடம் போனில் கேட்டார். பெண்ணுக்கு முன்பல் பாதி பசை, சம்மதமென்றால் வரட்டும் என்று சொல்லச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தார். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை.