மூஸுக்கு எந்தத் துவக்கு?

ஸலாஹுதீனிடம் மாட்டைப் பற்றிக் கேளுங்கள், சொல்லுவார். பாலாவிச் சந்தியில் இருபத்தாறு வருடமாக இறைச்சிக்கடை வைத்திருப்பவர். கட்டி நிற்கிற மாட்டைத் தூரத்தில் நின்று பார்த்தே எத்தனை கிலோ தேறும் என்று சொல்லிவிடுவார். அந்த மனுசனிடம் போய்த் துவக்கைப் பற்றிக் கேட்டால் அவர் எங்கே போவார், பாவம்?

கேட்டது வேறு யாருமில்லை, பெண்சாதி பளீலாவின் தம்பி றுமைஸ். கனடாவில் லொறி ஓட்டுகிறான். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து சோற்றில் கை வைக்கிற நேரம் பார்த்துப் போன் எடுத்தான். அங்கே மூஸ் என்று ஒரு மிருகம் இருக்கிறதாம். நம்முடைய காட்டு மரைமானுக்குப் பெரியப்பா முறை வேண்டும். ஆளைவிட உயரம், நானூறு ஐந்நூறு கிலோ. அதைச் சுட அரசாங்கம் சீட்டுக் குலுக்கித்தான் அனுமதி கொடுக்குமாம். எட்டு வருடம் பெயர் கொடுத்துக் கொடுத்து, இந்த வருடம்தான் றுமைஸுக்கு விழுந்திருக்கிறது. ஒரே ஒரு மூஸ். அங்கே இருக்கிற நம்மட ஆட்கள் நாற்பது பேருக்கு இறைச்சிப் பங்கு தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டானாம். இனித் துவக்கு வாங்க வேண்டும். கடைக்காரன் ஏழு இலக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறான். அதில் எதை வாங்குவது?

"மச்சானக் கேளு. அவருக்குத் தெரியாத துவக்கா?" என்று சொல்லிப் பளீலா போனைப் புருசன் கையில் வைத்தாள். முகமெல்லாம் பெருமை.

இங்கேதான் சங்கதி இருக்கிறது. ஸலாஹுதீன் தன் ஐம்பத்திரண்டு வயதில் ஒரு நாளாவது துவக்கைத் தோளில் வைத்ததில்லை.

தொண்ணூறில், சண்டைக்குள் மன்னார்ப் பக்கத்திலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்த குடும்பம் அவருடையது. நாலு வருடம் முகாமில், ஓலைக் கொட்டிலில் இருந்தார்கள். அங்கிருந்துதான் பளீலாவைப் பெண் கேட்டுப் போனார்கள். மாப்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பளீலாவின் வாப்பா கேட்டார். காணி இல்லை, கடை இல்லை, சொல்ல ஒரு மண்ணும் இல்லை. ஸலாஹுதீனின் சாச்சா, வாப்பாவின் தம்பி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா? மன்னாரில் முசலிக் காட்டில் இவன் வைத்த வெடி ஒன்றும் பிழைத்ததில்லை, ஒரே வெடியில் மரையை விழுத்தினவன் என்று அவிழ்த்து விட்டார். ஸலாஹுதீன் வெட்கத்தில் தலையைக் குனிந்தார். பெண் வீட்டார் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சுட்டதெல்லாம் சாச்சாதான். ஸலாஹுதீனின் வேலை கத்தி. வெடிச் சத்தம் கேட்டதும் முள்ளும் பற்றையும் பாராமல் ஓடிப்போய், விழுந்த மிருகத்தில் உயிர் இருக்கும்போதே பிஸ்மி சொல்லி அறுக்க வேண்டும். அறுக்க முந்தி உயிர் போய்விட்டால் அது செத்த பிராணி, ஹராம். காட்டிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். அந்த ஓட்டத்தில் அவரை அடிக்க ஆளில்லை என்பது உண்மை. ஆனால் ஓடினேன், அறுத்தேன் என்று சொன்னால் யார் பெண் கொடுப்பார்கள்? இப்போது சாச்சாவும் மௌத்தாகிவிட்டார். கூடப் போனவர்கள் திக்குக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். பளீலாதான் முப்பது வருடமாக அந்த மரையைத் தெருத்தெருவாகச் சுட்டுக்கொண்டிருக்கிறாள்.

பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி ஸலாஹுதீன் அன்றைக்குத் தப்பினார். பின்னேரம் பளீலாவின் போனுக்குப் பட்டியல் வந்தது. இருநூற்று நாற்பத்து மூன்று. இருநூற்று எழுபது. ஏழு மில்லிமீட்டர். முந்நூற்று எட்டு. முப்பது, பக்கத்தில் ஒரு கோடு, பூச்சியம் ஆறு. முந்நூறு. முந்நூற்று எழுபத்தைந்து. இதில் எது அங்குலம், எது வருசம், எது விலை? ஏழு சின்னது என்றால் இருநூற்று எழுபது எப்பேர்ப்பட்ட குண்டாக இருக்க வேண்டும்? அவரைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

அவருக்குத் தெரிந்து துவக்குப் பிடித்த ஒரே ஆள் தலவிலப் பக்கத்து பஸ்தியான். சண்டைக் காலத்தில் ஊர்காவல் படையில் இருந்தவர், இப்போது கடைக்கு முன்னால் மீன் விற்கிறவர். பஸ்தியான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துண்டில் எழுதிக் கொடுத்த பட்டியலை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் வாசித்தார். பிறகு சொன்னது ஸலாஹுதீனுக்கு இருந்த கொஞ்ச நஞ்சப் புத்தியையும் கலக்கிவிட்டது. முந்நூற்று எட்டும், முப்பது பூச்சியம் ஆறும், முந்நூறும் மூன்றுமே ஒரே தடிப்புக் குண்டாம். ஏழு மில்லிமீட்டருக்கும் இருநூற்று எழுபதுக்கும் ஒரு மயிரளவுதான் வித்தியாசமாம்.

அப்படியென்றால் ஒரே சாமானுக்கு ஏன் மூன்று பெயர் என்று ஸலாஹுதீன் கேட்டார். குண்டு ஒன்றுதான், பின்னால் போடுகிற வெடிமருந்துதான் கூடக் குறைய என்றார் பஸ்தியான். மருந்து கூடினால் நல்லதா? நல்லதுதான், ஆனால் தோளில் உதைக்கும். உதைத்தால்? குறி தப்பும். அப்போது குறைந்தால் நல்லதா? குறைந்தால் குறி பிழைக்காது, மிருகம் சாகாது. கேட்கக் கேட்க மனுசன் எதிர்ப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தார். நீங்கள் எதைச் சுட்டீர்கள் என்று கேட்டதற்கு, படையில் இருந்த நாலு வருடத்தில் தான் சுட்டது ஒரேயொரு தண்ணீர்த் தாங்கி என்று ஒப்புக்கொண்டார். கடைசியில், "பெருசா எடுக்கச் சொல்லுங்க நானா. விழுந்தா எழும்பக்கூடாது" என்று சொல்லி மீனைக் கழுவப் போய்விட்டார்.

எழும்பக்கூடாது, சரி. ஆனால் அறுக்கிறதுக்கு உயிர் இருக்க வேண்டுமே! ஸலாஹுதீன் அதையும் தலையில் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் மௌலவியிடம் போனார். நம்முடைய மத்ஹபுச் சட்டத்தில் குண்டடி பட்டதை உயிரோடு பிடித்து அறுக்க வேண்டும் என்றார் மௌலவி. பிஸ்மி சொல்லிச் சுட்டால் போதும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றார். ஹலாலைப் பேணுதல் எதில் இருக்கிறது என்று நீங்களே யோசியுங்கள் என்றும் சொன்னார். யோசிக்க முடியாமல்தானே மனுசன் வந்தது.

இரண்டு நாள் இறைச்சி வெட்டும்போதெல்லாம் அதே யோசனை. முள்ளெலும்பு கேட்டவருக்கு இறைச்சி, இறைச்சி கேட்டவருக்கு முள்ளெலும்பு என்று மாற்றிப் போட்டு வாடிக்கையாளர்களிடம் பேச்சும் வாங்கினார். மூன்றாம் நாள் ஒரு வெளிச்சம் வந்தது. பட்டியல் எழுதினவன் எல்லாம் மிருகம் உடனே சாக வேண்டும் என்று எழுதினவன். பின்னால் கத்தியோடு ஓடி வருகிறவனை எவனும் நினைக்கவில்லை. நமக்கு உடனே சாகக் கூடாது. ஆகவே இருக்கிறதில் ஆக மெல்லிசான குண்டு போடுகிறதை வாங்க வேண்டும்.

இருநூற்று நாற்பத்து மூன்று என்று றுமைஸிடம் சொன்னார். அது சின்ன மானுக்குத்தான் என்று கடைக்காரன் சொன்னானே என்று அவன் இழுத்தான். கடைக்காரனா வந்து அறுக்கப் போகிறான் என்று ஸலாஹுதீன் ஒரு பெரிய வேட்டைக்காரனின் குரலில் கேட்டார். பளீலா பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாள். றுமைஸ் அடுத்த நாளே துவக்கை வாங்கிப் படமும் அனுப்பினான். சனிக்கிழமை காட்டுக்குப் போகிறானாம்.

வியாழக்கிழமை காலையில் பஸ்தியான் என்ன முடிவு என்று விசாரித்தார். ஸலாஹுதீன் சொன்னார். பஸ்தியான் கையிலிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டார். அந்த மெல்லிசுக் குண்டு அவ்வளவு பெரிய உடம்பில் ஏறினால் மிருகம் விழும், பிறகு எழும்பும் என்றார். எழும்புகிற நேரம் கத்தியோடு பக்கத்தில் நிற்கப் போகிறவன் யார் என்று கேட்டார்.

ஸலாஹுதீனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. முசலிக் காட்டில் அந்த மரையும் எழும்பினதுதான். கத்தியோடு கிட்டப் போனவரைத் துரத்தினது. அவர் மரத்தில் ஏறித் தொங்கினார், சாச்சாவின் இரண்டாவது வெடிதான் காப்பாற்றியது. அது மரை. இது அதன் பெரியப்பா. இத்தனை நாளும் குண்டின் தடிப்பையே யோசித்த மண்டைக்கு இந்த ஒரு விசயம் ஏறவில்லையே என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டார். தன்னுடைய பொய்க்குப் பெண்சாதியின் தம்பி சாகப் போகிறான்! பத்து மணிக்கே கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினார்.

வீட்டுக்கு வந்து, தம்பிக்குப் போன் எடு என்றார். பளீலா எடுத்துக் கொடுத்தாள். அவளை அறைக்குள் போகச் சொல்லலாமா என்று ஒரு நிமிசம் யோசித்தார். சொல்லவில்லை.

"றுமைஸ், அந்தத் துவக்கோட போகாத. நான் சொன்னது பிழை. நான் ஒருநாளும் துவக்குச் சுட்டதில்ல. மரையச் சுட்டது எங்கட சாச்சா. நான் கத்தியோட ஓடினவன். அதுவும் அது எழும்பித் துரத்தி, மரத்தில ஏறினவன்."

சரி மச்சான் என்று சொல்லி றுமைஸ் வைத்துவிட்டான். பளீலா போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்குச் சோறு போட்டாள், அடுத்த நாளும் போட்டாள், பேசவில்லை. ஏசினாலாவது மனம் ஆறியிருக்கும். முப்பது வருடம் வாய் ஓயாத பெண்சாதி அவள். அந்த வீட்டில் சத்தமில்லாமல் இருப்பது அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

சனிக்கிழமை பொழுது பட்டு, மஃரிப் தொழுதுவிட்டு வந்து கதிரையில் இருக்க, பளீலாவின் போன் அடித்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் அதை அவர் முன்னால் பிடித்தாள். வீடியோவில் றுமைஸ், மூச்சு வாங்கிக்கொண்டு. அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. கூட வந்த வெள்ளைக்காரச் சிநேகிதனின் துவக்கை இரவல் வாங்கியிருக்கிறான், அந்த முப்பது பூச்சியம் ஆறு. ஒரே வெடியாம். நாற்பது அடி ஓடி விழுந்ததாம். சிநேகிதன் தன்னுடைய மற்றத் துவக்கால் குறி பார்த்துக்கொண்டு பின்னால் நிற்கிறானாம். போனைத் திருப்பினான். மஞ்சள் இலைகளுக்கு நடுவில் கறுத்த மலை ஒன்று கிடந்தது.

"மச்சான், துவக்குத் தெரியாது, சரி. இது தெரியும்தானே? உயிர் இருக்கா?"

முதுகுப் பக்கத்தால் கிட்டப் போய் நீட்டுக் கம்பால் கண்ணைத் தொடச் சொன்னார் ஸலாஹுதீன். கம்பு கண்ணைத் தொட்டது. கண் அசையவில்லை. ஆனால் கம்பும் அசையவில்லை, இலையும் அசையவில்லை. நின்றது மூஸா, படமா? போனை ஆட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். அல்லாஹ்வே, இந்த நேரத்திலா என்று முனகினார். பிறகு திடீரென்று எல்லாம் அசைந்தது, றுமைஸின் கை, இலை, எல்லாம். கண்ணைத் தவிர.

சுணங்காமல் பிஸ்மி சொல்லி அறு, எப்படி வருகிறது என்று காட்டு என்றார். றுமைஸ் அறுத்தான். உயிர் இருந்தால் இரத்தம் பாய வேண்டும். பாய்கிற மாதிரித்தான் இருக்கு மச்சான் என்றான் அவன். படம் உடைந்து உடைந்து வந்தது. இரண்டு நாளாகப் பேசாத பளீலா அவருடைய தோளோடு குனிந்து, "பாயுது எண்டு சொல்லுங்களேன்" என்றாள்.

அவள் பேசினதற்கே அவருக்கு அழுகை வரப் பார்த்தது. சொல்லிவிட்டால் என்ன? எட்டு வருடக் காத்திருப்பு, நாற்பது வீட்டுக் கறி, பெண்சாதியின் வாய், எல்லாம் ஒரு சொல்லில் திரும்பி வரும். போனைக் கண்ணோடு வைத்துப் பார்த்தார். சரித்த குடத்திலிருந்து வருகிற மாதிரி மெதுவாக வந்தது.

"வழியுது, றுமைஸ். பாயல்ல. உயிர் போயிட்டு. நமக்கு ஆகாது."

நாற்பது பேருக்குச் சொல்லியிருக்கிறேனே என்று றுமைஸ் சொன்னான். சொன்னதையே திரும்பச் சொன்னான். அந்தச் சிநேகிதனுக்குக் கொடுத்துவிடு, வீணாக்காதே என்று ஸலாஹுதீன் சொன்னார். படம் மறுபடியும் நின்றது. இந்த முறை தானாகவே அணைந்துவிட்டது.

பளீலா எழும்பிப் போய் அடுப்பை மூட்டினாள். பால் விடாத பிளேன்டி ஊற்றிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, முன்னால் இருந்த கதிரையில் இருந்தாள்.

"அண்டைக்கு வாப்பா கேக்கக்குள்ள இப்பிடி உண்மையச் சொல்லியிருந்தா, என்னைய உங்களுக்குத் தந்திருக்க மாட்டார்."

"தெரியும்" என்றார்.

பிறகு அவள், மரை துரத்தினபோது அவர் ஏறின மரம் என்ன மரம் என்று கேட்டாள். பாலை என்றார் அவர். வழுக்கவில்லையா என்று கேட்டாள்.

"வழுக்கினது" என்று ஸலாஹுதீன் சொன்னார்.