ஃபெயில் இல்லாத கல்லூரி

2008 ஜூனில், படப்பைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் ஜெயப்ரியா இரண்டு சர்வர்களை இணைத்து வைத்தாள். ஒன்று நின்றுபோனால், அதில் ஓடும் விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது மென்பொருளாலேயே ஆன கணினிகளை, மற்றது தானாகவே எடுத்து ஓட்டும். தாளாளர் எதிரில் அது சரியாக நடந்துவிட்டால் அவள் வேலை நிரந்தரம்.

“இதுக்குப் பேர் இன்னாம்மா?”

“ஃபெயில்ஓவர், சார்.”

“நம்ம காலேஜ்ல ஃபெயிலா? அட்மிஷன் நேரம்மா! எங்கெல்லாம் ஃபெயில்னு கீதோ, பாஸ்னு மாத்து.”

“புரோகிராமுக்குள்ளயும் அந்த வார்த்தை இருக்கு, சார். முதல் சர்வர் ஃபெயில்னு தெரிஞ்சாதான் ரெண்டாவது முழிச்சுக்கும்.”

“அதையும் மாத்து.”

மாற்றினாள். தாளாளர் தன் கையாலேயே முதல் சர்வரின் ஒயரைப் பிடுங்கினார். அது அணைந்தது. இரண்டாவது அசையவே இல்லை. திரையில் மட்டும் பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது: ‘முதல் சர்வர் பாஸ்.’

வேலை போயிற்று என்று ஜெயப்ரியாவுக்குக் கண் கலங்கியது. “செத்துக் கிடக்கிறதைக்கூட பாஸ்னு சொல்லுது, சார்.”

“அதுக்கு இன்னாத்துக்கு அழுவுற?” தாளாளர் கைதட்டினார். “நீ பெர்மனன்ட்டும்மா. இனிமே பசங்க பேப்பரையும் இதுவே திருத்தட்டும்.”