இரண்டாம் மாடி அண்ணன்

அண்ணனுக்கு வால் முளைத்த வாரத்தில்தான் பால் விலையும் ஏறியது. திங்கட்கிழமை சுண்டுவிரல் அளவுக்குத் தட்டுப்பட்ட வால், வெள்ளிக்கிழமைக்குள் கட்டில் காலை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளும் நீளத்துக்கு வந்துவிட்டது. அடுத்த மாதம் முதுகு நெடுகச் செதில் படர்ந்தது. நகங்கள் கறுத்து வளைந்தன, நெற்றியில் ஒரு கொம்பு எழும்பியது. தோள்கள் அகன்றுகொண்டே போனதில், உள்ளறைக் கதவுக்குள் அவன் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய வேண்டியிருந்தது. குரல் மட்டும் மாறவில்லை. தொலைபேசி இணைப்பகத்தில் பதினோரு ஆண்டுகள் முகம் தெரியாதவர்களிடம் பேசிப் பதப்பட்ட குரல் அது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வீட்டில் எதுவுமே நடக்கவில்லை என்று தங்கையால் நம்ப முடிந்தது. சமைக்கும்போது பெரும்பாலும் அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் அவனோடு பேசினாள்.

அந்தக் காலத்தில் வாரம் ஒருமுறை தொலைக்காட்சியில் ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. ஒரு குடும்பம் தன் வீட்டுப் பரணில் ஒரு பெரிய மிருகத்தை ஒளித்து வைத்திருக்கும். வாரத்துக்கு ஒருவர் அதைக் கண்டுபிடிக்கிற மாதிரி நெருங்கி வருவார். மேலே எதுவோ உருளும். வீட்டுக்காரி இரண்டு முறை இருமிவிட்டு, பூனை என்பாள். வந்தவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அண்ணன் ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தான், ஒரு வாரம்கூடத் திட்டாமல் பார்த்ததில்லை. அவ்வளவு பெரிய உடம்புக்குத் தீனி எங்கிருந்து வருகிறது, தின்றதெல்லாம் எங்கே போகிறது, வாடகை வாங்க வருகிறவனுக்கு மூக்கில்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். “பக்கத்து வீட்டுக்காரன் காதுல பஞ்சு வெச்சுக்கிட்டா குடியிருக்கான்? நிஜத்துல ஒரு வாரம் தாங்காது” என்பான். வால் முளைத்த பிறகும் அவன் கருத்து மாறவில்லை. தன் விஷயமும் ஒரு வாரம்தான் தாங்கும், பிறகு ஆட்கள் கம்பும் வலையுமாக வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று நிதானமாகச் சொன்னான். பெற்றவர்கள் போன பிறகு அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவன் அவன். கம்பையும் வலையையும் நினைத்துப் பார்க்கவே அவளால் முடியவில்லை. அந்த ஒரு வாரத்தையாவது ஒழுங்காக மறைப்போம் என்று முடிவு செய்தாள்.

அவள் ஒரு சலவைக்கடையில் துணி வாங்கிப் போடும் மேசையில் வேலை பார்த்தாள். இஸ்திரி ஆவியில் நின்றுகொண்டே பொய்களைத் தயாரித்தாள். கீழ்வீட்டுத் தச்சர் சத்தத்தைப் பற்றிக் கேட்டால் தையல் மெஷின் வாங்கியிருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். மின்சாரக் கணக்கு எடுப்பவர் வாடையைக் கேட்டால் சாக்கடை அடைத்திருக்கிறது. கறிக்கடைக்காரரிடம் கழிவுக் கறி வாங்கும்போது தெருநாய்களுக்கு என்று சொல்ல வேண்டும்; எத்தனை நாய் என்றால் ஆறு. பொய்கள் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் செலவாகவில்லை. தச்சர் படிக்கட்டில் பார்த்தால் சௌக்கியமா என்று மட்டும் கேட்டார். கணக்கு எடுப்பவர் அட்டையில் எழுதிவிட்டு, உள்ளறைப் பக்கம் திரும்பாமலே இறங்கினார். கறிக்கடைக்காரர் பொட்டலத்தைக் கட்டி வைத்திருந்தார். அண்ணனின் அலுவலகம், அவன் உடம்பு சரியில்லை என்ற ஒரு வரியைப் பெற்றுக்கொண்டு, அவன் நாற்காலியில் வேறொரு பெண்ணை உட்கார வைத்தது. வாரம் போனது. மாதம் போனது. தனக்கு இவ்வளவு சாமர்த்தியம் இருக்கிறதா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. அண்ணனுக்கு மட்டும் முகம் வாடியது. அந்தத் தொடரைப் பார்த்துத் திட்டுவதை அவன் நிறுத்திவிட்டான்.

மூன்றாம் ஆண்டில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். சட்டை வெளுக்கக் கொடுக்க வந்தவர், வெளுத்த சட்டையையே மறுபடி கொண்டுவரத் தொடங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தேநீருக்கு அழைத்தாள். உள்ளறைக் கதவைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தாள். பேச்சு நடுவில் கதவிடுக்கு வழியாக வாலின் நுனி மெல்ல வெளியே வந்து அவர் செருப்பின்மேல் படுத்துக்கொண்டது. அவர் குனிந்து பார்க்கவில்லை. தூங்குகிற குழந்தையின் அடியிலிருந்து கையை உருவுகிற மாதிரி காலை மட்டும் மெதுவாக நகர்த்திக்கொண்டு, கிட்டப்பார்வையைப் பற்றிப் பேசிக்கொண்டே தேநீரை முடித்தார். அவருக்கும் கிட்டப்பார்வைபோல, காலடி தெரியவில்லை என்று அவள் கடவுளுக்கு நன்றி சொன்னாள். மறுவாரம் அவர் சலவைக்கடை மேசைக்கு வந்து, தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்திருப்பதாகவும், அவளுக்குச் சம்மதமென்றால் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

“பின்னால பெரிய ரூம் ஒண்ணு இருக்குங்க. கதவு நல்ல அகலம்.”

“ரெண்டு பேருக்கு எதுக்குங்க அவ்வளவு அகலமான கதவு?”

“தேவைப்படுமேன்னுதான் பார்த்தேன்.”

அகலமான கதவென்றால் தூசிதான் அதிகம் வரும் என்றாள் அவள். அவர் ரசீதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த ஆண்டு அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனால் ரகசியம் தப்பித்ததே என்று அதையும் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

ஆண்டுகள் கழிந்தன. அந்தத் தொடர் நின்றுபோனது. அதை எடுத்தவர்களும் மறந்துபோனார்கள். கட்டடத்துக்கு இரண்டு முறை வெள்ளையடித்தார்கள். வெள்ளையடித்தவர்கள் உள்ளறைக்கு வந்து, அண்ணன் படுத்திருந்த சுவரைத் தவிர மற்ற மூன்றையும் அடித்துவிட்டுப் போனார்கள். அவள் அண்ணனுக்கு ஒரு போர்வையைப் போர்த்தி, பழைய சாமான் என்று சொல்லியிருந்தாள். அன்று மாலை அண்ணன், “போர்வைக்கு வெளிய என் கை இருந்துச்சு. அந்தப் பையன் அதைத் தாண்டித்தான் ஏணியை வெச்சான்” என்றான். கவனித்திருக்க மாட்டான் என்று அவள் சமாதானம் சொன்னாள். அதுதான் தனக்குக் கவலை என்றான் அவன். பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பயந்த காலத்தில் தான் ஒரு பயங்கரமாகவாவது இருந்ததாகவும், இப்போது எதுவாக இருக்கிறோம் என்றே தெரியவில்லை என்றும் அந்த அழகான குரலில் சொன்னான். அவளுக்கு அது விளங்கவில்லை. வளர்ந்த ஆண்பிள்ளை வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் இப்படித்தான் யோசனை போகும் என்று நினைத்தாள்.

ஒரு நாள் பட்டப்பகலில், அவள் தடுக்கத் தடுக்க, அவன் பக்கவாட்டில் நகர்ந்து பால்கனிக்குப் போனான். கைப்பிடிச் சுவரின்மேல் இரண்டு முன்கைகளையும் வைத்து, முகத்தை வெயிலில் நீட்டினான். கீழே முற்றத்தில் பெண்கள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நிமிர்ந்தாள். அவள் பார்வை செதிலில் பட்டது, பல்லில் பட்டது, பிறகு மெல்ல வழுக்கி மேகத்துக்குப் போனது. மழை வரும்போல் இருக்கிறது என்று அவள் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. எல்லாரும் ஈரத்துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். தங்கை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை என்றாள்.

“ஒருத்திகூடக் கத்தலையேம்மா” என்றான் அண்ணன்.

அவன் வாயிலிருந்து அவள் கேட்ட கடைசிப் பேச்சு அது. அதன்பின் குரலும் உடம்போடு சேர்ந்துகொண்டது. கேட்டால் உறுமினான், பிறகு அதுவும் குறைந்தது. அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியால் ஒவ்வொரு செதிலாகத் துடைத்துவிடுவாள். அவளுக்கு முடி நரைத்தது. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். ஒரு குளிர்காலத்தில் அண்ணனின் பற்கள் உதிர்ந்தன. அவற்றைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைத்தொட்டியின் அடியில் போட்டாள். அந்த வாரத்திலிருந்து கறிக்கடைப் பொட்டலத்தில் எலும்பு வரவில்லை. எல்லாம் கொத்தி, மெத்தென்று இருந்தது. கடைக்காரர் மகன் தொழிலுக்கு வந்துவிட்டான், கைத்திறம் அப்பனைவிட மேல் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அண்ணன் ஒரு புதன்கிழமை விடிந்தபோது இறந்திருந்தான். அவள் அழவில்லை. அவ்வளவு பெரிய உடம்பை யாருக்கும் தெரியாமல் எப்படி இறக்குவது என்ற கவலையில் அழுகைக்கு இடமில்லை. கதவை உள்பக்கம் பூட்டிக்கொண்டு, எதையும் யோசிக்க முடியாமல் அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பத்து மணி வாக்கில் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுத் தச்சர் நின்றார், கையில் ரம்பம். பின்னால் கட்டடத்து ஆண்கள் எட்டுப் பேர். படிக்கட்டில் ஒரு புதுப் பெட்டி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அவள் தன் வாழ்நாளில் பார்த்ததிலேயே பெரிய பெட்டி. தச்சர் அனுமதி கேட்கிற மாதிரி தலையசைத்துவிட்டு உள்ளே வந்து, உள்ளறை நிலைச்சட்டத்தை இரண்டு பக்கமும் அறுத்துக் கழற்றினார். எட்டுப் பேரும் தோள் கொடுத்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. பெட்டிக்குள் கொம்புக்கு ஒரு பள்ளம் தோண்டியிருந்தது. வால் சுருண்டு படுக்கத் தனியாக ஒரு தடுப்பு இருந்தது. மூடியைப் போட்டபோது ஒரு விரற்கடைகூட மிச்சமுமில்லை, குறையுமில்லை.

அவள் மூடியைத் தடவிக்கொண்டே நின்றாள்.

“அளவு யார் குடுத்தாங்க?” என்று கேட்டாள்.

“யாரும் குடுக்கலம்மா. இத்தன வருஷமாப் பாக்குறோம், தெரியாதா?” என்றார் தச்சர்.

“எத்தன வருஷமா?”

“மொதல் வாரத்துலேர்ந்து.”

அவள் மேல்படியில் உட்கார்ந்தாள். அவன் மனுஷ முகத்துக்காக ஏங்கியே செத்தான், ஒரு நாளாவது ஒருத்தராவது உள்ளே வந்து உட்கார்ந்திருக்கலாமே என்று கேட்டாள். கேட்ட குரல் அவளுடையது மாதிரியே இல்லை. தச்சர் ரம்பத்தின் பல்லைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு நின்றார். அவருக்கும் வயதாகியிருந்தது.

“நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டு மறைச்சீங்க. நாங்க எப்படிம்மா கதவத் தட்டுறது?”

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அது சின்ன அழுகையாக இல்லை. மூன்று மாடிக்கும் கேட்டது. படிக்கட்டு ஜன்னலின் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக விரிசல் விட்டு, தூளாகிக் கொட்டின. எட்டுப் பேரும் தச்சரும் மரியாதையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு, எதையும் கேட்காதவர்களாக நின்றார்கள். அவள் ஓய்ந்ததும் சட்டையிலிருந்த கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டு, குனிந்து பெட்டியைத் தூக்கினார்கள்.