இரண்டு முறை மாற்றிய சூடு

எங்கள் வீட்டில் ஒரு எண்ணைச் சும்மா விட யாருக்கும் மனசு வராது. நான் கணக்கு டீச்சர், என் வீட்டுக்காரர் இயற்பியல் வாத்தியார். பால் பாக்கெட்டில் அச்சடித்த அளவைக்கூட ஒரு தரம் சரிபார்த்துவிட்டுத்தான் காய்ச்சுவோம். இப்படிப்பட்டவர்களுக்குப் பிறந்தவள் இன்ஜினியர் வேலையை உதறிவிட்டுக் கேக் செய்யப் போகிறேன் என்றால் வீடு என்ன ஆகும்? மாதக்கணக்கில் நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்று பேக்கரி முதலாளியம்மா எங்கள் வீட்டுக்கே வந்து அவள் கேக்கை ருசி பார்ப்பதாக ஏற்பாடு. பிடித்தால் வேலை. காலையிலிருந்து மகள் தவியாய்த் தவித்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது.

"மாவு கலக்கிட்டல்ல? போய்க் குளிச்சிட்டு வா. ஓவனை நான் பாத்துக்கறேன்."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "சூடு எவ்வளவுன்னு சீட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கும்மா" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

சீட்டில் 177 என்று இருந்தது. அவளுடைய சமையல் புத்தகம் ஃபாரன்ஹீட், எங்கள் ஓவன் செல்சியஸ். எனக்குத் தெரியாதா? முப்பத்திரண்டைக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்தேன். எல்லாம் மனக்கணக்குதான். எண்பது சொச்சம்! குமிழை எண்பதுக்குத் திருகி, மாவுத் தட்டை உள்ளே வைத்துவிட்டு, என்னை நானே மெச்சிக்கொண்டு விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். எண்பதில் தண்ணீர்கூடக் கொதிக்காது என்று என் வகுப்பில் கடைசி பெஞ்சுகூடச் சொல்லும். எனக்கு உறைக்கவில்லை.

முதலாளியம்மா வந்தார். மகள் ஓவனைத் திறந்தாள். மாவு வெதுவெதுவென்று மாவாகவே கிடந்தது. அவள் குமிழைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"எண்பதா? வேணும்னேதானே பண்ணின?"

இத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள், 'இல்லை' என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வில்லியாக நிற்பதைவிட மடைச்சியாக நிற்பதே மேல். வந்தவர் எதிரிலேயே, மேடையில் சிந்தியிருந்த மாவில் விரலால் கணக்கு போட்டேன். "பாருடி, சீட்டுல நூத்தி எழுபத்தேழு. அதுல முப்பத்திரெண்டு போனா..."

"அதைத்தான் நான் மாத்திட்டேனே!" என்றார் என் வீட்டுக்காரர் பெருமையாக. "இவ ஃபாரன்ஹீட்ல முந்நூத்தி அம்பதுன்னு எழுதியிருந்தா. காலைல நான்தான் அழிச்சிட்டு செல்சியஸ்ல எழுதி வச்சேன்."

முதலாளியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ரெண்டு பேர் கணக்கும் சரிதான். நீ இன்னொரு தடவை கலக்கும்மா, எனக்கு அவசரமில்ல."

மகள் சிரிக்கவில்லை. எங்களை வெளியே தள்ளிச் சமையலறைக் கதவைச் சாத்தினாள். நான் அங்கேயே நின்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் மேலேயே கோபமும் வந்தது. மாற்றத் தெரிந்த கழுதைக்கு, ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லையே!

கதவு கொஞ்சம் திறந்தது.

"அம்மா, முட்டை அடிக்க ஆள் வேணும். வா. ஆனா எந்த நம்பரையும் தொடக்கூடாது."

"சத்தியமா தொடமாட்டேன்டி."

உள்ளே போனேன். எத்தனை முட்டை என்றுகூடக் கேட்கவில்லை.