பளபளத்த விளிம்பு

சொரசொரப்பான விளிம்பைக் கண்டால் ஹஸீனாவின் கை சும்மா இருக்காது. சிராங்கூன் ரோட்டில் நூருல் அமீன் பாயின் மூக்குக்கண்ணாடிக் கடையில் பின்னறை அவளுடைய ராஜ்யம். முன்னால் வாடிக்கையாளர்கள் ஒவ்வொரு ஃபிரேமாக மாட்டி முகத்தைக் கோணிக்கொண்டிருப்பார்கள். பின்னால் அவள் லென்ஸை வெட்டி, விளிம்பைத் தேய்த்து, ஃபிரேமுக்குள் உட்காரவைப்பாள். விரலால் தடவினால் வழுக்க வேண்டும், அதுவரை விடமாட்டாள். அந்த வியாதிதான் இத்தனை வினைக்கும் காரணம்.

வேலை முடிந்தால் மற்றவர்கள் சீரியல் பார்ப்பார்கள், அவள் கிராலர் செய்வாள். ரிமோட்டில் ஓடும் வண்டிதான், ஆனால் வேகத்துக்கு ஆனதல்ல. பாறைமேல் ஆமை போல ஊர்ந்து ஏறும். கடையில் விற்கும் வண்டி ஊருக்குப் போதும், அவள் சேர்ந்திருந்த குழுவின் பைத்தியங்களுக்குப் போதாது. அவர்களுக்குச் சொந்தமாகச் சேசிஸ் வேண்டும், அதாவது வண்டியின் எலும்புக்கூடு. கார்பன் ஃபைபர் தகட்டில் இரண்டு பக்கச் சட்டங்களை ஹஸீனா அறுத்துக் கொடுத்தால் மயிரிழை பிசகாது என்று குழுவில் பேர் இருந்தது. அந்தப் பேர் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இந்த முறை ஒரே தகட்டில் இரண்டு ஜோடி அறுத்தாள். ஒன்று தனக்கு, இன்னொன்று குழுவிலிருந்த கதிரேசன் அண்ணனுக்கு. அவர் துவாஸில் ஒரு ரசாயன ஆலையில் வேலை பார்ப்பவர், வீடு தோ பாயோவில். செங்குத்தில் ஏறும்போது வண்டி மல்லாந்து விழக்கூடாது என்பதற்காக இரண்டு வண்டியிலும் பேட்டரியை முன்பக்கம் தாழ்வாக வைத்து, அதன் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் சட்டத்தில் போட்ட ஒரே துளை வழியாக உள்ளே இழுத்திருந்தாள். பார்க்க அத்தனை சுத்தமாக இருந்தது.

கார்பன் தகட்டில் ஒரு சங்கடம் உண்டு. அதில் மின்சாரம் பாயும். அதனால் அறுத்த விளிம்பில் எல்லாம் சூப்பர் குளூ பூசி மூடிவிடுவார்கள், வயர் உரசினாலும் ஆபத்து இருக்காது. ஹஸீனாவும் பூசினாள். காய்ந்ததும் பார்த்தால் துளையைச் சுற்றிச் சளி ஒழுகியது மாதிரி கட்டி கட்டியாக நின்றது. அவளுக்குப் பொறுக்கவில்லை. லென்ஸ் தேய்க்கும் சக்கரத்தில் பிடித்துப் பளபளவென்று ஆக்கினாள். அவள் தொழிலில் விளிம்பு மின்னினால் வேலை முடிந்தது என்று பொருள். கட்டியோடு பூச்சும் போய்விட்டது என்று அந்தக் கைக்கு உறைக்கவே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில்தான் உறைத்தது. காலையில் தன் வண்டியைப் பூங்காவில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுப் பையோடு கடைக்குக் கொண்டுவந்திருந்தாள். பின்னறையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபோது ரப்பர் கருகும் வாடை வந்தது. பையைத் திறந்தாள். பேட்டரியைத் தொட முடியாதபடி சுட்டது. பதறிப்போய் அதைப் பிடுங்கி எடுத்தாள். துளையில் உட்கார்ந்த இடத்தில் இரண்டு வயரின் உறையும் தேய்ந்து, உள்ளிருந்த செம்பு தெரிந்தது. பக்கத்தில் சட்டத்தில் சின்னதாக ஒரு கருகல் புள்ளி.

இதே துளை, இதே தேய்ப்பு, கதிரேசன் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. இந்த மாதிரிப் பேட்டரி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்கிற தீ இல்லை அது.

உடனே போனை எடுத்தாள். எடுத்தவள் என்ன எழுதினாள் என்பதுதான் விஷயம். ‘நான் தப்புப் பண்ணிட்டேன், தீப்பிடிக்கும்’ என்று தட்டிவிட்டு, அழித்தாள். குழு முழுக்கப் பரவிவிடும். மயிரிழை பிசகாது என்று சொன்ன வாய்களெல்லாம் என்ன சொல்லும்? ‘அண்ணே, வீட்டுக்குப் போனதும் பேட்டரியக் கழட்டி வச்சிடுங்க, ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட் இருக்கு’ என்று அனுப்பினாள்.

நல்ல வேளையாக அவருக்கு இடைவேளை. பதில் வந்தது. ‘சரிம்மா. ஓவர்டைம் இருக்கு, ராத்திரி போய்ப் பாக்கறேன். அவசரமில்லையே?’

ஹஸீனா ஒரு கணம் யோசித்தாள். ‘அவசரமில்ல அண்ணே’ என்று எழுதினாள்.

அப்புறம் ஒன்றும் நடக்காதது போலத் தன் வேலையைப் பார்த்தாள். வண்டி ஓடினால்தானே வயர் உரசும், சும்மா நிற்கிற வண்டிக்கு என்ன வந்தது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒரு லென்ஸ் முடிந்தது. இன்னொன்றைச் சக்கரத்தில் வைத்தபோது மூலை சிலும்பியது. அவள் கையில் லென்ஸ் சிலும்பி யாரும் பார்த்ததில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, காலையில் கதிரேசன் குழுவில் போட்டிருந்த படத்தைத் திறந்தாள்.

கிராலர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பகட்டு உண்டு. வண்டியைச் சும்மா நிறுத்தமாட்டார்கள். ஒரு முன்சக்கரத்தைத் தூக்கி எதன்மேலாவது வைத்து, அச்சு எவ்வளவு முறுக்கிக்கொடுக்கிறது பார் என்று காட்டிப் படம் எடுப்பார்கள். கதிரேசனும் அப்படித்தான் ஒரு பிஸ்கட் டின்மேல் சக்கரத்தை ஏற்றி வைத்திருந்தார். அந்த முறுக்கில் வயர் முழுக்கத் துளையின் விளிம்பில் போய் அழுந்தும். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, அதாவது பேட்டரி மாட்டியே இருக்கிறது. வண்டி நின்றது ஒரு கட்டிலோரத்து மேசையில். பின்னால் ஜன்னல் திரை. படத்தின் ஓரத்தில், தலையணைமேல், மாவுக்கட்டுப் போட்ட ஒரு கால்.

அவர் மனைவி கவிப்ரியா. படியில் விழுந்து கால் எலும்பு முறிந்து வீட்டில் படுத்திருக்கிறாள் என்று கதிரேசன் போன வாரம் சொல்லியிருந்தார். பகலெல்லாம் தனியாகத்தான் இருப்பாள்.

ஹஸீனா கதிரேசனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. திரும்பப் போட்டாள். அந்த ஆலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், வாசலில் லாக்கரில் பூட்டிவிட்டுப் போக வேண்டும். வேலைக்குப் போன பிறகு அவர் கையில் போன் இருந்தது ஒரே ஒரு தடவை. அப்போது இவள் அவசரமில்லை என்றாள். கவிப்ரியாவின் நம்பரும் ஆலையின் நம்பரும் அவளிடம் இல்லை.

பாயிடம் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டுத் தெருவுக்கு ஓடி வந்து டாக்ஸி பிடித்தாள். முன்பொரு தடவை உதிரிப்பாகம் தபாலில் அனுப்பியதால் அவர் முகவரி போனில் இருந்தது. சனிக்கிழமை சிராங்கூன் ரோடு எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. தீயணைப்புக்கு அடிக்கலாமா? என்னவென்று சொல்வது, இன்னும் பற்றாத தீயை அணைக்க வாருங்கள் என்றா? விரல் எண்களின்மேல் போய்ப் போய் வந்தது. பாலஸ்டியர் சிக்னலில் நின்றபோது தீயணைப்பு வண்டி ஒன்று சங்கூதிக்கொண்டு கடந்து போனது. எந்தப் பக்கம் போகிறது என்று பின்கண்ணாடி வழியே பார்த்தாள், எதிர்ப்பக்கம். அதற்காக அல்லாவுக்கு நன்றி சொன்னாள், சொல்லும்போதே அழுகை வந்தது.

லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நிற்பது போலிருந்தது. கதிரேசன் வீட்டுக் கதவு மூடியிருந்தது, வெளியே இரும்புக் கிரில் பூட்டியிருந்தது. வாடை ஏதும் இல்லை. இல்லை, இருக்கிறதா? அவள் மூக்கை அவளாலேயே நம்ப முடியவில்லை. மணியை அமுக்கினாள், கதவைத் தட்டினாள்.

உள்ளிருந்து யாரு என்று ஒரு பெண்குரல் தூரத்தில் கேட்டது. ஊன்றுகோல் தரையில் ஊன்றும் சத்தம் நிதானமாக நெருங்கி வந்தது. கவிப்ரியா கதவைக் கொஞ்சமாகத் திறந்து எட்டிப் பார்த்தாள். ஹஸீனா மூச்சு வாங்கிக்கொண்டே, கதிரேசன் அண்ணனின் சிநேகிதி, வண்டியை ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும் என்றாள். அவர் ஒன்றும் சொல்லவில்லையே, ராத்திரி அவர் வந்த பிறகு வாருங்கள் என்று கவிப்ரியா கதவைச் சாத்தப் போனாள். அவள்மேல் குற்றமில்லை. இந்தக் காலத்தில் தெரியாத ஆளுக்கு யார் கதவைத் திறக்கிறார்கள்.

ஹஸீனா கிரில்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அந்த வண்டி தீப்பிடிக்கப் போவுது. செஞ்சது நான்தான். தப்பு என்னோடது. திறங்க, ப்ளீஸ்.”

கவிப்ரியா அந்த முகத்தைப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த சாவியை எடுத்தாள். பூட்டுக்குள் சாவி போகாமல் இரண்டு தரம் வழுக்கியது. கிரில் திறந்த அதே நேரம் படுக்கையறையிலிருந்து சீறல் ஒன்று கேட்டது, குக்கரில் ஆவி பிய்த்துக்கொண்டு கிளம்புவது போல. வெள்ளைப் புகை ஹாலுக்குள் உருண்டு வந்தது.

ஹஸீனா உள்ளே பாய்ந்தாள். படுக்கையறை வாசலில் நின்றவளுக்கு மேசை தெரியவில்லை, திரைமேல் தாவி ஏறும் தீ மட்டும் தெரிந்தது. தீத்துளிகள் தெறித்துக் கட்டிலில், தலையணையில் விழுந்தன. படத்தில் பார்த்த அதே தலையணை. கதவை இழுத்துச் சாத்தினாள். கவிப்ரியாவின் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, ஊன்றுகோலை அங்கேயே போட்டுவிட்டு, பாதி தூக்கியும் பாதி இழுத்தும் வெளியே கொண்டுவந்தாள். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா அதற்குள் தீயணைப்புக்குப் போன் போட்டிருந்தார்.

வந்து அணைத்தார்கள். அறை கருகிப்போனது, வீடு தப்பியது. கீழ்த்தளத்தில் ஒரு நாற்காலியில் கவிப்ரியாவை உட்காரவைத்தார்கள். கூடியிருந்தவர்கள் சரியான நேரத்துக்கு வந்து காப்பாற்றினாய் என்று ஹஸீனாவைப் புகழ்ந்தார்கள், யாரோ மைலோ பானப் பாக்கெட்டைக் கையில் திணித்தார்கள். கவிப்ரியா அவள் கையை விடவே இல்லை. விரல்கள் வலிக்கும்படி பிடித்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மெதுவாகக் கேட்டாள். “உங்களுக்கு எப்பத் தெரியும்?”

ஹஸீனாவுக்கு, சற்று முன் புகையைப் பார்த்தபோதுகூட, இவ்வளவு பயம் வரவில்லை. இப்போதுதான் தெரிந்தது என்று சொன்னால் இந்தப் பெண் நம்பிவிடுவாள்.

“மத்தியானம் சாப்பாட்டு நேரத்துலயே தெரியும்.”

“அவருக்குச் சொன்னீங்களா?”

“மெசேஜ் போட்டேன். அவசரமான்னு கேட்டாரு. இல்லன்னுட்டேன்.”

கவிப்ரியா பிடித்திருந்த கையை விட்டாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, எதிர்வீட்டு அம்மாவிடம், தன் கணவரின் ஆலைக்கு ஒரு போன் போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள்.