ஏழாம் மாடிக்கான சொல்

செங்குளத்தில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்குப் படிக்கட்டும் கிடையாது, லிஃப்டும் கிடையாது. புகழ்ச்சிக்கான இங்கிலீஷ் வினைச்சொற்களைக் கொண்டுதான் ஆட்களை மேலே ஏற்றுகிறார்கள். முன்பெல்லாம் தமிழில்தான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேடைகளும் சுவரொட்டிகளும் அந்தச் சொற்களிடம் வாங்கிய வேலையில் அவற்றுக்குத் தெம்பில்லாமல் போய்விட்டது. ‘மாமணி’ என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாலும் இப்போது ஒரு தீப்பெட்டி அசையாது. இங்கிலீஷ் சொற்களை ஊரில் யாரும் அவ்வளவாகப் புழங்கியிருக்கவில்லை. அவை மடிப்புக் கலையாமல் இருந்தன.

முல்லை அடுக்ககத்தில் ஏற்றிவிடும் வேலை அபரஞ்சிக்கு. கட்டடம் கட்டியவர் சாவிக்கொத்தோடு ஏழு சொற்களையும் அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். முதல் மாடிக்கு அப்ரிஷியேட், இரண்டாவதற்கு அட்மயர், மூன்றாவதற்கு அப்ளாட், நான்காவதற்கு எக்ஸ்டால் என்று போய், ஆறாம் மாடிக்கு குளோரிஃபை. ஏழாவது சொல்லை அவள் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. ஏழாம் மாடியில் யாரும் குடியிருக்கவில்லை.

வெறுமனே சொல்லைச் சொன்னால் ஆள் எழும்பமாட்டார். அவரிடம் நிஜமாகவே உள்ள ஒரு நல்லதைப் பார்த்து, அதைச் சொல்லிவிட்டு, அதன்பின் வினையைப் போட வேண்டும். நேற்றுச் சொன்ன நல்லது இன்றைக்குத் தூக்காது. அதனால் அபரஞ்சி எல்லோரையும் உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பாள். குடியிருப்போர் சங்கத் தலைவர் தெய்வசிகாமணியிடம் தினம் ஒரு நல்லதைக் கண்டுபிடிப்பதற்குள் அவளுக்கு முழி பிதுங்கிவிடும்.

“சார், இன்னிக்குச் செருப்பை ஜோடியா விட்டிருக்கீங்க. உங்களை எக்ஸ்டால் பண்றேன்” என்பாள். அவர் கைப்பையோடு நான்காம் மாடிக்குப் போய்ச் சேர்வார். பதிலுக்கு ஒரு வார்த்தை? மூச்சு விடமாட்டார்.

இறங்குவதற்கு அபரஞ்சியின் தயவு தேவையில்லை. வீட்டில் இருப்பவர்கள் இரண்டு குறை சொன்னால் போதும், ஜன்னல் வழியாக மெத்தென்று தரைக்கு வந்துவிடலாம். செங்குளத்தில் அதற்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. ஆறாம் மாடி ஃபிலோமினா டீச்சர் மட்டும் இறங்குவதே இல்லை. அவருடைய கணவர் போனபிறகு அவரைக் குறை சொல்ல வீட்டில் ஆளில்லை.

ஏழாம் மாடி வீடு அபரஞ்சியுடையது. வேலைக்குச் சேர்ந்த அன்றே அதை அவள் பேருக்குக் கொடுத்துவிட்டார்கள். சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. வீட்டைத்தான் அவள் பார்த்ததில்லை. தன்னைத் தானே புகழ்ந்துகொள்பவர் செங்குளத்தில் கீழ்நோக்கித்தான் போவார். ஒருமுறை ஆசையை அடக்க முடியாமல் முயன்று பார்த்தாள். முழங்கால்வரை புதைந்துபோனாள். வாட்ச்மேன் மண்வெட்டி கொண்டுவந்து எடுத்துவிட்டார். அதிலிருந்து மோட்டார் ரூமிலேயே படுத்துக்கொள்கிறாள். சொந்த வீட்டில் ஒருநாள் பால் காய்ச்ச வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஊரையே மேலே ஏற்றுகிற எனக்கு ஒருவர்கூட வாய் திறக்கமாட்டார்களா என்று கோபமும் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சங்கக் கூட்டத்துக்காக டீச்சரைத் தவிர எல்லோரும் கீழே இறங்கியிருந்தார்கள். கூட்டம் முடிந்து வரிசையில் நின்றார்கள். அபரஞ்சி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

“சரி, நம்மளே ஏத்திக்குவோம். தினம் கேக்கிற வார்த்தைதானே” என்றார் தெய்வசிகாமணி. மூன்றாம் மாடி ஜமீலாவைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். “ஜமீலாம்மா, நீங்க ரொம்ப நல்லவங்க. அப்ளாட்.”

ஜமீலா செருப்பளவு எழும்பி, தொப்பென்று விழுந்தார்.

“என்ன நல்லதுன்னு சொல்லணும் சார்.”

தலைவர் யோசித்தார். அவர் வீட்டுக்கு நேர் கீழ்வீட்டில் ஜமீலா வருஷக்கணக்காகக் குடியிருக்கிறார். மீன் வறுக்கிற வாசனை வரும் என்பதைத் தவிர அவரைப் பற்றி இவருக்கு எதுவும் தெரியவில்லை. ஜமீலா தன் பங்குக்கு இரண்டாம் மாடிக்காரரைப் பார்த்தார். அவர் முதல் மாடிக்காரரைப் பார்த்தார். அத்தனை பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மாட்டுச்சந்தையில் நிற்பதுபோல நின்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

ஜமீலாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. “இதெல்லாம் அபரஞ்சிக்குத்தான் வரும். எங்க மாமியாரை ஆஸ்பத்திரியிலருந்து கொண்டுவந்தப்போ, அவங்க கையில இருந்த கஞ்சி ஒரு சொட்டு சிந்தாம மேல கொண்டுபோய் விட்டா. நான் பெத்ததுகூட அவ்ளோ பதவிசாப் பாத்திருக்காது. அவளை நான் அட்மயர் பண்றேன்.”

அபரஞ்சியின் கால் தரையை விட்டது. மூன்றாம் மாடிக்குக் கொடுக்க வேண்டிய பால் பாக்கெட் கையில் இருந்தது. அதோடு இரண்டாம் மாடி ஜன்னலுக்கு நேராகப் போய் நின்றாள்.

கீழே இருந்தவர்களுக்கு வழி கிடைத்த மாதிரி ஆயிற்று. மற்றவர்களைப் பற்றித்தான் தெரியாதே தவிர, அபரஞ்சியைப் பற்றிச் சொல்ல எல்லோரிடமும் ஒன்று இருந்தது. முதல் மாடிக்காரர் தன் மகன் பரீட்சையில் கோட்டை விட்டு வந்த நாளன்று அவனிடமும் அவள் ஒரு நல்லதைக் கண்டுபிடித்ததைச் சொன்னார். அவள் மூன்றாம் மாடியைத் தாண்டினாள். ஐந்தாம் மாடிப் புதுமணத் தம்பதி ஏதோ சொல்லிவிட்டு வெட்கப்பட்டார்கள். அவள் நான்கைத் தாண்டினாள். கடைசியில் தலைவர் முன்னால் வந்தார்.

“எங்கிட்ட நல்லது கண்டுபிடிக்கிறது சாமானியமில்லை. எனக்கே தெரியும்” என்றார். “ஒருநாள்கூடக் கை விரிச்சதில்லை இந்தப் பொண்ணு. குளோரிஃபை!”

அபரஞ்சி ஆறாம் மாடிக்குப் பறந்தாள். அங்கே நின்றுவிட்டாள். கீழே யாருக்கும் அதற்குமேல் சொல் தெரியாது. தலைக்கு மேலே, எட்டினால் தொட்டுவிடலாம் என்ற உயரத்தில் அவளுடைய பால்கனிக் கம்பி தெரிந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஜன்னலுக்கு உள்ளே நாற்காலியில் ஃபிலோமினா டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

“என்னம்மா, பாதியில நின்னுட்ட?”

அபரஞ்சி மேலே கையைக் காட்டினாள். பிறகு ஏழாவது சொல்லை உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள். டீச்சர் புரிந்துகொண்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“நான் வெளியில வரமாட்டேன்னு தெரிஞ்சும் தினமும் காலையில கீழே நின்னு எனக்குன்னு ஒண்ணு சொல்லுவ. நான் நாற்காலியோட ஒரு முழம் எழும்புவேன். அப்போ ஜன்னலுக்கு வெளியே குளம் தெரியும். அவரு போனப்புறம் நான் அந்தக் குளத்தைப் பாத்ததெல்லாம் உன்னாலதான்” என்றார் டீச்சர். குரலைச் சரிசெய்துகொண்டு, வகுப்பில் சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னார். “அபரஞ்சி, உன்னை நான் ஐடலைஸ் பண்றேன்.”

கீழே கைதட்டல் கேட்டது. அபரஞ்சி பால்கனியில் கால் வைத்தாள், இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள், தன் வீட்டுக் கதவைத் திறந்தாள். சமையலறை கிழக்குப் பார்த்து இருந்தது. ஒவ்வொரு சுவராகத் தொட்டுப் பார்த்தாள். சந்தோஷத்தில் அவளுக்கு உட்காரத் தோன்றவில்லை.

டீச்சர் தன் ஸ்டவ்வை, ஒருநாளும் திரி கருகாத ஸ்டவ் என்று ஐடலைஸ் செய்து மேலே அனுப்பினார். பாத்திரம் ஒன்றும் கூடவே வந்தது. பால் பொங்கியது. சூடாக இரண்டு மடக்கு உள்ளே போனதும் அபரஞ்சிக்குக் குரல் திறந்துகொண்டது. பால்கனியில் நின்று, கீழே இருந்தவர்களை ஒவ்வொருவராக ஏற்றினாள். அன்றைக்கு நல்லதைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் சற்றுமுன்தான் கண்ணெதிரே செய்திருந்தார்கள். தலைவர் நான்காம் மாடி ஜன்னலில் நுழைவதற்குமுன் மேலே பார்த்துக் கும்பிட்டார்.

முதல்முறையாக ஏழு மாடியிலும் ஆள் இருந்தது. அபரஞ்சி சுவரில் கை வைத்தாள்.

“இத்தனை நாள் எனக்காகப் பூட்டியே கிடந்திருக்க. உன்னை நான் ஐடலைஸ் பண்றேன்” என்றாள்.

முல்லை அடுக்ககம் ஒருமுறை குலுங்கி, குழாய்களை உருவிக்கொண்டு, மெதுவாக மேலே கிளம்பியது. பால் தளும்பவில்லை. குளம் முழுசாகத் தெரிந்தது. ஆறாம் மாடியிலிருந்து டீச்சர் சிரிப்பது கேட்டது.

கீழே நல்ல நிழல் விழுந்தது. காய்கறிக்காரர் வண்டியை அதற்குள் தள்ளி நிறுத்தினார். தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெண்டைக்காய், கத்திரிக்காய் என்று மேலே பார்த்துக் கூவ ஆரம்பித்தார்.